பைட்டைக் கண்ணால் பார்க்க ஒரு சின்ன நிரல்

தமிழில் கணினி வேலை பார்க்கிற எவரும் சொந்தமாக ஒரு ஹெக்ஸ் டம்ப் நிரல் (கோப்பில் உள்ள பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பதினாறடிமான எண்ணில், அதாவது ஹெக்ஸில், கொட்டிக் காட்டுவது) எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. லினக்ஸில் ஏற்கெனவே ஓ.டி. இருக்கிறது, ஹெக்ஸ்டம்ப் இருக்கிறது, விம் எடிட்டரோடு வருகிற எக்ஸ்எக்ஸ்டி இருக்கிறது, இதற்குமேல் நாலாவதாக ஒன்று எதற்கு என்று கேட்கலாம். மூன்றையும் நான் பயன்படுத்துகிறவன்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றுமே ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்கிற கணக்கில் செய்யப்பட்டவை. நமக்கு யூடிஎஃப்-8 என்கிற யூனிகோட் குறியாக்கத்தில் ஒவ்வொரு குறிக்கும் (க ஒரு குறி, அதோடு ஒட்டுகிற துணைக்கால் இன்னொரு குறி) மூன்று பைட் ஆகிறது. அதனால் ஒரு தமிழ்க் கோப்பை அவற்றில் திறந்தால் வலப்பக்கப் பத்தி முழுக்க வெறும் புள்ளியாக நிற்கும், வரிக்கு 16 பைட் என்று வெட்டுவதால் ஆறாவது குறி முறிந்து ஒரு பைட் இந்த வரியிலும் இரண்டு பைட் அடுத்த வரியிலுமாகக் கிடக்கும். பார்க்க வேண்டியதைத் தவிர எல்லாம் தெரியும்.

எழுத ஆரம்பித்தால் இது பத்துப் பதினைந்து வரி வேலைதான். அந்தச் சுருக்கம் எங்கிருந்து வருகிறது என்றால் ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் இருந்து, அதாவது எதை எந்த வடிவில் அச்சிட வேண்டும் என்று சொல்கிற எழுத்துச் சரத்தில் இருந்து. அதைப் பற்றித்தான் விரிவாக எழுதப் போகிறேன். ஒரு வழக்கம் மட்டும் முதலில்: நிரல் துண்டுகளையும் ஹெக்ஸ் எண்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். %02எக்ஸ் என்றால் எக்ஸ் இருக்கிற இடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள், ஹெக்ஸ் எண்ணில் 9-க்குப் பிறகு ஏ, பி, சி, டி, ஈ, எஃப். க என்ற எழுத்து யூனிகோடில் 0பி95, யூடிஎஃப்-8-இல் ஈ0 ஏஈ 95. இவ்வளவுதான்.

ஹெக்ஸ் டம்ப் என்பது பழைய சாமான். ஓ.டி. 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே உண்டு, பெயரில் இருக்கிற ஓ ஆக்டலைக் குறிப்பது, இன்றைக்கும் எதுவும் சொல்லாமல் ஓட்டினால் எட்டடிமான எண்ணில்தான் கொட்டும். ஹெக்ஸ்டம்ப் வேறு மாதிரி புதியவர்களைக் குழப்பும். வெறுமனே ஓட்டினால் இரண்டிரண்டு பைட்டாக எடுத்து 16 பிட் எண்ணாகக் காட்டும், இன்டெல் இயந்திரத்தில் எண்ணின் மதிப்புக் குறைந்த பைட் முதலில் இருப்பதால் கக என்று எழுதிய கோப்பு ஏஈஈ0 ஈ095 95ஏஈ என்று புரண்டு தெரியும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய சி கொடியோடு (கட்டளைக்குப் பின்னால் கொடுக்கிற விருப்பம்தான் கொடி) ஓட்டினால் வரிசை சரியாக வரும். நாமே எழுதினால் இந்த இயல்புநிலைகளை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

சரி, சி மொழியில் எழுதுவோம். ஒரு வரிக்கு மூன்று பத்தி வேண்டும்: இடப்பக்கம் ஆஃப்செட் (கோப்பின் தொடக்கத்தில் இருந்து எத்தனையாவது பைட் என்ற எண்), நடுவில் பைட்டுகள், வலப்பக்கம் எழுத்தாக வாசிக்க முடிந்தது. முதல் முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றுக்கும் தனித்தனி லூப் போட்டு, கடைசி வரி குறைவாக இருந்தால் இடைவெளி நிரப்ப நாலாவது லூப் போட்டு, எட்டாவது பைட்டுக்கு அப்புறம் கூடுதல் இடைவெளி வேண்டுமே என்று ஒரு இஃப் வைத்து, நாற்பது ஐம்பது வரியில் முடிப்பார்கள். தேவையே இல்லை. வரியின் முழு வடிவத்தையும் ஒரே சரமாக எழுதிவிடலாம்:

%08எல்எக்ஸ்  %-48எஸ்  |%.*எஸ்|

இது ஆத்தங்குடித் தரைக்கல் அறுக்கிற அச்சு மாதிரி. கண்ணாடிமேல் அச்சை வைத்துவிட்டால் எந்தக் குழிக்குள் எந்த வண்ணம் என்பது முடிந்துபோகிறது, மிச்ச வேலை ஊற்றுவது மட்டும். மேலே இருக்கிற சரத்தில் முதல் குழி ஆஃப்செட்டுக்கு: எட்டு இலக்கம், போதாவிட்டால் முன்னால் சுழியம். இரண்டாவது குழி பைட்டுகளுக்கு: 48 இடம், இடப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். மூன்றாவதில் இருக்கிற உடுக்குறிதான் (*) எனக்கு மிகவும் பிடித்தது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் எண் வர வேண்டிய இடத்தில் உடுக்குறி போட்டால், அந்த எண்ணை நிரல் எழுதும்போது சொல்லாமல் ஓடும்போது ஒரு மதிப்பாகக் கொடுக்கலாம். புள்ளிக்குப் பின்னால் வந்தால், சரத்தில் இருந்து அதிகபட்சம் இத்தனை எழுத்து எடு என்று அர்த்தம். கடைசி வரியில் ஐந்து பைட்தான் மிச்சம் இருக்கிறதா, ஐந்து என்று கொடுத்தால் போதும், சரம் முடிந்தது என்று காட்டுகிற சுழியப் பைட்டைக் கடைசியில் வைக்கக்கூடத் தேவையில்லை. புள்ளிக்கு முன்னால் வந்தால் குறைந்தபட்ச அகலம். அப்படியென்றால் 48 என்று இறுக்கி எழுதியதையும் %-*எஸ் என்று மாற்றி, வரிக்கு எத்தனை பைட்டோ அதை மூன்றால் பெருக்கிக் கொடுத்துவிடலாம், ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமும் ஓர் இடைவெளியும் என்பதால். இப்போது வரியின் நீளம் கட்டளை வரியில் இருந்து வரலாம், நிரலில் வேறெதையும் தொட வேண்டாம்.

கடைசி வரிச் சிக்கலை %-48எஸ் தீர்த்துவைக்கிற விதத்தைக் கவனியுங்கள். பைட்டுகளை நேரே திரைக்கு அனுப்பாமல், %02எக்ஸ் கொண்டு ஒரு சின்ன பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) அடுக்கிக்கொண்டே போகிறோம். பஃபருக்குள் எழுதுகிற எஸ்பிரிண்ட்எஃப், தான் எழுதிய எழுத்தின் எண்ணிக்கையைத் திருப்பித் தருவதால் அடுத்த இடம் எது என்று கணக்குப் பார்க்கக்கூட வேண்டாம். 16 பைட் வந்தால் பஃபர் 48 எழுத்தும் நிறையும், ஐந்தே வந்தால் 15 எழுத்து நிறையும், மீதி 33 இடத்தையும் ஃபார்மேட் ஸ்ட்ரிங் தானாக இடைவெளியால் நிரப்பும். நிரப்புவதற்கென்று போட்ட அந்த லூப் போய்விட்டது. பஃபருக்கு 49 இடம் ஒதுக்க வேண்டும், கடைசியில் சுழியப் பைட்டுக்கு ஒன்று சேர்த்து. இதில் கஞ்சத்தனம் கூடாது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, படிக்கிற பைட்டை அன்சைன்ட் கேர் என்று அறிவிக்க வேண்டும். இன்டெல் லினக்ஸில் வெறும் கேர் என்பது கூட்டல் கழித்தல் குறி உள்ள எண், அதில் ஈ0 என்ற பைட் கழித்தல் 32 ஆகிவிடும், திரையில் அச்சிடுகிற பிரிண்ட்எஃப்-க்குப் போகும்போது 32 பிட் முழு எண்ணாக விரியும், இரண்டு இலக்கம் கேட்ட இடத்தில் ஆறு எஃப் முன்னால் ஒட்டிக்கொண்டு எட்டு இலக்கமாக வந்து நிற்கும். %02எச்எச்எக்ஸ் என்று எழுதியும் அடக்கலாம், அது சி99-இல் இருந்து உண்டு. இதில் விசேஷம் என்னவென்றால், ஆங்கிலக் கோப்பில் எந்தப் பைட்டும் 127-ஐத் தாண்டாது, அதனால் ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவருக்கு இந்தப் பிழை காலத்துக்கும் தெரியாது. ராஸ்பெரி பை மாதிரி ஆர்ம் சிப் கணினிகளின் லினக்ஸில் கேர் கழித்தல் குறியில்லாததாக இருப்பதால் அங்கேயும் ஒளிந்துகொள்ளும். தமிழ்க் கோப்பு கொடுத்தால் முதல் பைட்டிலேயே மாட்டும். எந்த நிரலையும் தமிழை ஊட்டிச் சோதித்துப் பாருங்கள் என்று காரைக்குடியில் என்னிடம் வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, கோப்பில் இருந்து வந்த எழுத்தை ஒருநாளும் ஃபார்மேட் ஸ்ட்ரிங்காகவே கொடுக்கக் கூடாது. %எஸ் வழியாகத்தான் போக வேண்டும். ஹெக்ஸ் டம்புக்கு வருகிற கோப்பில் எந்தப் பைட்டும் இருக்கலாம், சதவீதக் குறியும் இருக்கலாம், அதற்கு அடுத்து என் என்ற எழுத்து இருந்தால் பிரிண்ட்எஃப் நினைவகத்தில் எழுதவே போய்விடும். 2000-ஆம் ஆண்டில் டபிள்யூயு-எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்றச் சர்வரில் வெளியிலிருந்து உள்ளே புக முடிந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். அதற்குப் பிறகு இந்த வகைத் தாக்குதலுக்கே ஃபார்மேட் ஸ்ட்ரிங் தாக்குதல் என்று பெயர் நிலைத்துவிட்டது. நம் நிரல் ஒரு ஓரத்துக் கருவிதான் என்றாலும் கையில் நல்ல பழக்கம் ஏறட்டும்.

இன்னும் சுருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். சி மொழியின் ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் இதை 16 முறை செய் என்று சொல்ல வழியில்லை, லூப் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் பிறந்த ஃபோர்ட்ரானில் வழி இருந்தது! 1957-இல் வந்த முதல் ஃபோர்ட்ரானிலேயே ஃபார்மேட் என்று தனி வாக்கியம் உண்டு, அதில் முன்னால் ஓர் எண்ணைப் போட்டால் அத்தனை முறை திரும்ப வரும். ஃபோர்ட்ரான் 90-இல் ஹெக்ஸுக்கும் இசட் என்ற எழுத்தைத் தரத்தில் சேர்த்துவிட்டார்கள், 16(இசட்2.2, 1எக்ஸ்) என்று எழுதினால் ஹெக்ஸ் டம்பின் நடுப்பத்தி முடிந்தது, லூப்பே கிடையாது. ஹெக்ஸ்டம்ப் கட்டளையின் ஈ கொடியும் இதே குணம்தான்: 16/1 என்று எழுதி அடுத்து மேற்கோளுக்குள் %02எக்ஸ் போட்டால், ஒரு பைட்டாக 16 முறை என்று பொருள். 12/1 என்று மாற்றினால் வரிக்குப் பன்னிரண்டு. உள்ளீடு பாதியில் தீர்ந்தால் மிச்ச இடத்தை அதுவே இடைவெளியால் நிரப்பும். கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்லில் இருக்கிற பிரிண்ட்எஃப் இன்னும் தாராளம், கொடுத்த மதிப்புகள் தீரும் வரை அதே ஃபார்மேட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பேஷ் என்ற ஷெல்லில் இன்னொரு சின்ன வித்தை, ஒற்றை மேற்கோள் குறியை முன்னால் ஒட்டி க என்ற எழுத்தை %எக்ஸ்-க்குக் கொடுத்தால் பி95 என்று அதன் யூனிகோட் எண்ணைச் சொல்லிவிடும். ஒரே ஓர் எழுத்தைச் சந்தேகப்படுகிறபோது எனக்கு அது போதும்.

இப்போது தமிழுக்கான பகுதி. இதை நான் பைத்தானில் எழுதினேன், காரணம் ஒன்றுதான், அங்கே யூனிகோட் அட்டவணை கூடவே வருகிறது. அடிப்படை யோசனை, வரியைப் பைட் எண்ணிக்கையில் வெட்டாமல் குறியின் எல்லையில் வெட்டுவது. 12 என்பது மூன்றால் வகுபடும், தூய தமிழாக இருந்தால் வரிக்குச் சரியாக நான்கு குறி. நடுவில் இடைவெளியோ ஆங்கில எழுத்தோ வந்தால் ஒரு பைட் இடறும், அப்போது 12-க்குள் எத்தனை முழுக்குறி அடங்குமோ அத்தனையோடு வரியை முடித்துவிட வேண்டும். சில வரி பத்து பைட், சில வரி பன்னிரண்டு. ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் நடுப்பத்திக்கு 35 இடம், இடப்பக்கம் ஒட்டி என்று சொல்லிவிட்டால் (பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு, கடைசி இடைவெளி வேண்டாம்) நீளம் கூடினாலும் குறைந்தாலும் வலப்பத்தி ஆடாமல் நிற்கும். பைத்தான் 3.8-இல் இருந்து பைட்ஸின் ஹெக்ஸ் முறைக்கு இடையில் போட வேண்டிய குறியையும் கொடுக்கலாம் என்பதால் பஃபர் அடுக்குகிற வேலைகூட இல்லை.

வலப்பத்தியை நேர்க்கோடுகளுக்குள் அடைக்கிற வழக்கத்தை இங்கே விட்டுவிட்டேன். அடைத்தால் அழகுதான், ஆனால் பைத்தானும் சரி, சி-யும் சரி, தமிழ் எழுத்தின் அகலத்தை அளப்பது திரையில் தெரிகிற அகலத்தை வைத்து இல்லை. பைத்தான் குறிகளை எண்ணும், சி பைட்டுகளை எண்ணும். கு என்பது திரையில் ஓர் எழுத்து, பைத்தானுக்கு இரண்டு, சி-க்கு ஆறு. டெர்மினல்களும் ஆளுக்கொரு மாதிரி வரையும். அதனால் தமிழ்ப் பத்தியைக் கடைசியில் வைத்து, அதற்குப் பிறகு எதையும் அச்சிடாமல் விட்டால் கோணல் தெரிய வழியே இல்லை. உயிர்மெய்யாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு குறிக்கும் இடையில் இடம் விட்டு, சார்ந்து வருகிற குறிகளுக்கு முன்னால் மட்டும் புள்ளி வட்டம் ஒன்றை வைக்கிறேன். எவை சார்ந்தவை என்று கண்டுபிடிக்க யூனிகோட் வகை எம் என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

கோட்டையூர் என்று எழுதி இதில் போட்டால் முதல் வரி இப்படி வரும்:

00000000  ஈ0 ஏஈ 95 ஈ0 ஏஎஃப் 8பி ஈ0 ஏஈ 9எஃப் ஈ0 ஏஎஃப் 8டி  க ◌ோ ட ◌்

கொஞ்ச நாள் பழகினால் வலப்பக்கம் பார்க்காமலே படிக்க வரும். தமிழ்ப் பகுதி 0பி80-இல் தொடங்கி 0பிஎஃப்எஃப் வரை, முதல் பாதி முழுக்க ஈ0 ஏஈ, இரண்டாம் பாதி ஈ0 ஏஎஃப். உயிரும் மெய்யும் எல்லாம் ஏஈ பக்கம், துணைக்காலும் இகரக் கொக்கியும் அந்த ஓரத்திலேயே ஒண்டிக்கொள்கின்றன, ஈகாரம் முதல் புள்ளி வரை மற்ற குறிகளும் தமிழ் எண்களும் ஏஎஃப் பக்கம். இப்படி ஒழுங்காகப் பிரிந்து நிற்பதும், நடுவில் எங்கே இறங்கினாலும் எழுத்தின் எல்லையைக் கண்டுபிடிக்க முடிவதும் யூடிஎஃப்-8-இன் அமைப்பினால். தொடர்ச்சியாக வருகிற பைட் எதுவானாலும் மேல் இரண்டு பிட் 10 என்றுதான் இருக்கும், வேறெந்தப் பைட்டும் அப்படித் தொடங்காது. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், தட்டுக்கு அடியில் போடுகிற தாளில் இதை வரைந்தார்கள். நம் மொழியை இன்றைக்குச் சுமக்கிற ஏற்பாடு அது.

இந்த நிரல் என்ன சாதித்தது என்று சொன்னால்தான் மேலே சொன்னதெல்லாம் எதற்கு என்று விளங்கும். எங்கள் ஊரில் அச்சகம் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் கும்பாபிஷேக அழைப்பிதழ் அனுப்ப முகவரிப் பட்டியல் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராக ஆள் ஆளாக வந்தது அது. சிலர் போனில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியது, சிலர் பழைய எழுத்துருவில் வைத்திருந்ததை ஏதோ மாற்றியில் போட்டு எடுத்தது, மலேசியாவில் இருந்து வந்தவை வேறு. எல்லாவற்றையும் ஒரே சிஎஸ்வி கோப்பில் ஒட்டியிருந்தார்.

"தம்பி, கோட்டையூர்க்காரங்க பாதிப்பேரைக் காணோம்ப்பா. கண்ணுக்கு முன்னாடி இருக்காங்க, தேடினா வரமாட்டேங்கிறாங்க."

"மத்த ஊரெல்லாம் சரியா வருதாண்ணே?"

"பள்ளத்தூர் வருது, கானாடுகாத்தான் வருது, ஆத்தங்குடி வருது. கோட்டையூர், கோனாபட்டு, கொத்தமங்கலம், தேவகோட்டை, இதுதான் வம்பு பண்ணுது."

அவர் சொன்ன ஊர்ப் பெயர்களிலேயே விடை இருக்கிறது, கேட்டவுடனே ஒகர ஓகாரம் என்று தோன்றியது. ஆனால் தோன்றுவது வேறு, பைட்டைக் காட்டுவது வேறு. தேடினால் கிடைக்கிற ஒரு கோட்டையூரையும் கிடைக்காத ஒரு கோட்டையூரையும் எடுத்து நிரலில் போட்டோம். கிடைக்கிறது மேலே காட்டிய மாதிரியே வந்தது. கிடைக்காதது இப்படி:

00000000  ஈ0 ஏஈ 95 ஈ0 ஏஎஃப் 87 ஈ0 ஏஈ பிஈ ஈ0 ஏஈ 9எஃப்  க ◌ே ◌ா ட

முதலாவதில் ஓகாரம் ஒரே குறி, 0பிசிபி. இரண்டாவதில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக, 0பிசி7, 0பிபிஈ. திரையில் இரண்டும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் கோ என்றே தெரியும். ஒன்று 30 பைட், மற்றது 33. யூனிகோட் இரண்டையும் சமம் என்றே அறிவித்திருக்கிறது, ஆனால் பைட்டை பைட்டோடு ஒப்பிடுகிற தேடலுக்கு அந்த அறிவிப்பு எட்டாது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிக்கும் உயிரெழுத்து ஔ-வுக்கும் மட்டும் இந்த இரட்டை வடிவம் உண்டு, அதனால்தான் பள்ளத்தூருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அகர வரிசையில் அடுக்கியபோது நடந்ததைப் பாருங்கள். குறி எண்படி அடுக்கினால் பிரிந்த கோட்டையூர் எல்லாம் கே வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, அப்புறம் கொத்தமங்கலம் வருகிறது, அதற்குப் பிறகு சேர்ந்த கோட்டையூர். ஒரே ஊர்க்காரர்களுக்கு நடுவில் இன்னோர் ஊர். அண்ணன் இதைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தார். பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்குகிற என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலைப் பைத்தானில் முழுக் கோப்புக்கும் ஒருமுறை ஓட்டியதும் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். மேக் கணினிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகளில் கோப்பின் பெயரையே பிரித்துத்தான் வைக்கும், கோட்டையூர் என்று பெயரிட்ட ஃபோல்டரை அங்கிருந்து லினக்ஸுக்கு எடுத்து வந்தால் இதே கதை பெயரிலேயே ஆரம்பிக்கும்.

அதே கோப்பில் இன்னும் சில அகப்பட்டன. கோப்பின் தலையில் ஈஎஃப் பிபி பிஎஃப் என்று மூன்று பைட், எக்செல் யூடிஎஃப்-8 சிஎஸ்வி சேமிக்கும்போது வைக்கிற முத்திரை. இதனால் முதல் பத்தியின் தலைப்பு மட்டும் எதோடும் பொருந்தாது. சில பெயருக்கு நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக சி2 ஏ0, வலைப்பக்கத்தில் இருந்து ஒட்டினால் வருவது. புள்ளிக்குப் பின்னால் ஈ2 80 8சி ஒளிந்திருப்பதையும் இணையத்தில் இருந்து எடுத்த தமிழில் அடிக்கடி பார்க்கிறேன், அகலமே இல்லாத குறி அது, கண்ணுக்குச் சிக்கவே சிக்காது.

என்எஃப்சி-யாலும் தீராத வகை ஒன்று உண்டு, நம் பக்கத்துக் காகிதங்களில் அது நிறைய. அழைப்பிதழ் என்றால் ஸ்ரீ இல்லாமல் இருக்காது. பலரும் ஸ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள், அது ஈ0 ஏஈ பி8. 2005-இல் யூனிகோட் 4.1-இல் ஶ என்று தனி எழுத்து சேர்ந்தது, அது ஈ0 ஏஈ பி6. பல எழுத்துருக்களில் இரண்டில் எதைக் கொண்டு எழுதினாலும் ஒரே ஸ்ரீ வடிவம்தான் தெரியும். யூனிகோட் பார்வையில் இவை சமம் இல்லை, எது சரி என்று நாமே முடிவு செய்து மாற்ற வேண்டும். பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் உ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ௨ என்ற எண் விழுவதும் இந்த ரகம். எழுத்து ஈ0 ஏஈ 89, எண் ஈ0 ஏஎஃப் ஏ8. டம்பில் நடுப் பைட்டைப் பார்த்தாலே போதும், ஏஈ என்றால் எழுத்து, ஏஎஃப் என்றால் எண். க-வுக்கும் ௧-க்கும் இதே கதைதான்.

பழைய பேரேடுகளைத் தட்டச்சு செய்ய இறங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வட்டிக்கடைக் கணக்குகளில் தொகையெல்லாம் தமிழ் எண்ணில் இருக்கும், கூடவே மாகாணி, காணி, முந்திரி என்று பின்னங்கள். இந்தப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2019-இல்தான், 12.0 பதிப்பில் தமிழ் பிற்சேர்க்கை என்று 51 குறிகள் வந்தன, 11எஃப்சி0-இல் தொடங்கும். அந்த முதல் குறியே முந்திரி, 320-இல் ஒரு பங்கு. யூடிஎஃப்-8-இல் எஃப்0 91 பிஎஃப் 80, நான்கு பைட். எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாப் பின்னமும் ஒரே மாதிரிச் சதுரப் பெட்டியாகத் தெரியும், முந்திரிக்கும் காணிக்கும் நாலு மடங்கு வித்தியாசம் என்பதால் பெட்டியை நம்பி ஐந்தொகை போட முடியாது, பைட்டைத்தான் நம்ப வேண்டும். என் நிரலில் மூன்று என்ற எண்ணை எங்கேயும் இறுக்கி எழுதாததற்கு இதுதான் காரணம், குறியின் நீளம் எவ்வளவோ அவ்வளவை வைத்து வரி நிரம்புகிறது.

கடைசியாக, யூடிஎஃப்-8-ஆகவே இல்லாத கோப்புகள். பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது சரோகேட்எஸ்கேப் என்று ஒரு வழி கொடுக்கலாம். செல்லாத பைட் வந்தால் நிரல் விழாது, அந்தப் பைட்டைத் தனிக் குறியாகப் பொதிந்து வைத்துக்கொள்ளும், திரும்ப அதே வழியில் குறியாக்கம் செய்தால் அதே பைட் வெளியே வரும். அதனால் என் நிரலின் உள்கட்டு மிக எளிது: மொத்தத்தையும் இப்படிப் படி, ஒவ்வொரு குறியாக எடு, அதைத் திரும்பப் பைட்டாக்கு, 12-ஐத் தாண்டினால் வரியை அச்சிடு. பொதிந்த குறிகளையும் கட்டுப்பாட்டுக் குறிகளையும் வலப்பக்கத்தில் நடுப்புள்ளியாக மாற்ற ஒரு வரி. ஒரு பைட்டும் தொலையாது, ஒன்றும் மாறாது.

இதனால் பழைய கோப்பின் ஜாதகம் முதல் திரையிலேயே தெரிந்துவிடும். ஹெக்ஸில் 80-உம் அதற்கு மேலுமான பைட்டுகள் நிறைந்து, வலப்பக்கம் வரிசையாக நடுப்புள்ளி, இடையிடையே ஆங்கில எழுத்து மட்டும் ஒழுங்காகத் தெரிகிறதா, அது டிஸ்கி மாதிரி எட்டு பிட் குறியாக்கம், அல்லது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாப் போன்ற ஒன்று. அரசு யூனிகோடுக்கு மாறியது 2010-இல், அதற்கு முந்தைய கோப்புகள் பல அலுவலகங்களில் அப்படியே கிடக்கின்றன. இதற்கு மாறாக எல்லாப் பைட்டும் 80-க்குக் கீழேயே இருந்து, வலப்பக்கம் அர்த்தமில்லாத ஆங்கிலமாக ஓடினால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. தமிழ் என்ற சொல் அதில் 6ஏ 6பி 70 6எஃப் 3பி, ஐந்தே பைட், கடைசியில் இருக்கிற அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேல் ஏற வேண்டிய புள்ளி. வார்த்தை முடிவிலெல்லாம் 3பி வந்துகொண்டே இருந்தால் பாமினி மாற்றியை எடுத்துவிடலாம். மாற்றி முடித்த பிறகு அந்தக் கோப்பை இன்னொரு தடவை டம்ப் எடுத்து, 87-க்குப் பின்னால் ஈ0 ஏஈ பிஈ தனியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அச்சகத்து அண்ணனின் கோட்டையூர்கள் பிரிந்தது அப்படி ஒரு மாற்றியில்தான்.